பழைய பிக்கப் வண்டியின் கேபினுக்குள் மழைநீர் ஒழுகினால்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஐப்பசி பிறந்து வடகிழக்குப் பருவமழை ஊன்றிப் பெய்யத் தொடங்கிவிட்டால், காரைக்குடி, தேவகோட்டை, புதுவயல், பள்ளத்தூர்ப் பகுதிகளில் பழைய பிக்கப் வண்டி வைத்திருப்பவர்களிடமிருந்து ஒரே விதமான கேள்விகள் திரும்பத் திரும்ப வருகின்றன. அரிசி மூட்டை ஏற்றினாலும், ஆத்தங்குடிக் கல் ஏற்றினாலும், கல்யாண வீட்டுப் பாத்திரம் ஏற்றினாலும் பின்னால் இருக்கும் சரக்குக்குத் தார்ப்பாய் உண்டு. ஓட்டுநரின் காலடியில் நிற்கும் தண்ணீரை யாரும் கவனிப்பதில்லை. கேட்டவர்களின் சொல்லிலேயே கேள்விகளை வைத்து, எளியவற்றை முதலிலும் சிக்கலானவற்றைப் பின்னாலும் இங்கே தொகுத்திருக்கிறேன். பத்து ஆண்டுகளைக் கடந்த டாடா 207, பொலேரோ பிக்கப், டாடா ஏஸ், தோஸ்த் போன்ற வண்டிகளை மனத்தில் வைத்து எழுதியது இது. வண்டிக்கு வண்டி ஓட்டையின் இடம் மாறலாம். தேடும் முறை மாறாது.

1. கால் வைக்கிற மேட்டுக்கு (தரை விரிப்பு) அடியில தண்ணி நிக்குது. இது மழைத் தண்ணிதானா, வேற எதுவுமான்னு எப்படித் தெரிஞ்சுக்கிறது?

விரலால் தொட்டு, முகர்ந்து பார்க்க வேண்டும். மழைநீரில் பிசுபிசுப்பு இருக்காது. நம் ஊர்ச் சாலைகளில் ஓடும் வண்டியானால் சற்றுச் செம்மண் கலங்கலாக இருக்கும். ஏ.சி. உள்ள வண்டியில், மழையே இல்லாத நாளிலும் இடப்பக்கக் காலடி நனைந்தால், டேஷ்போர்டுக்குள் இருக்கும் ஏ.சி. பெட்டியின் வடிகுழாய் அடைத்துக்கொண்டிருக்கிறது என்று கொள்ளலாம். எஞ்சின் பக்கமாக வெளியே வரும் அந்தச் சிறிய ரப்பர் குழாயைச் சுத்தம் செய்தால் அது நின்றுவிடும்.

பெடல்களுக்கு நேர் கீழே எண்ணெய்ப் பிசுக்கோடு ஈரம் இருந்தால் அது பிரேக் ஆயிலாகவோ கிளட்ச் ஆயிலாகவோ இருக்க வாய்ப்பு அதிகம். அப்படியானால் இந்தப் பக்கத்தை மேலே படிக்க வேண்டாம். வண்டியை எடுக்காமல் போனட்டைத் திறந்து ஆயில் டப்பாவின் அளவைப் பார்த்துவிட்டு மெக்கானிக்கை வரவழைக்க வேண்டும். ஹீட்டர் உள்ள வண்டியில் நிறமும் இனிப்பு வாடையும் கொண்ட ஈரம் தெரிந்தால் அது எஞ்சினைக் குளிர்விக்கும் கூலன்ட்.

2. இடது பக்கம் காலடியிலதான் தண்ணி நிக்குது. அப்ப ஓட்டையும் இடது பக்கம்தானே இருக்கணும்?

இருக்கலாம், ஆனால் இருந்தே தீர வேண்டும் என்பதில்லை. நாட்டு ஓடு வேய்ந்த வீட்டில் குடியிருந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. பாத்திரம் வைக்கும் இடத்துக்கு நேர் மேலே உள்ள ஓடு ஒன்றைத் தூக்கிப் பார்த்தால் அது முழுதாக இருக்கும். உடைந்த ஓடு நாலு வரிசை மேலே, பக்கவாட்டில் கிடக்கும்.

வண்டியிலும் தண்ணீர் தகட்டின் அடிப்பக்கத்தை ஒட்டிக்கொண்டே ஓடும்; ஒயர் கட்டு கிடைத்தால் அதைப் பிடித்துக்கொண்டு டேஷ்போர்டின் ஒரு முனையிலிருந்து மறு முனைக்குப் போகும்; தகடு மடியும் இடமோ, ஒரு ஸ்குரூவின் முனையோ வந்தால்தான் சொட்டாக விழும். விழுந்த பிறகும் அங்கேயே நிற்பதில்லை, தளத்தில் எது பள்ளமோ அங்கே போய்ச் சேரும். ஆகவே ஈரம் இருக்கும் இடம் பயணத்தின் முடிவை மட்டுமே காட்டுகிறது. முடிவைப் பார்த்துவிட்டுக் கடைக்குப் போய்ப் பசை வாங்குவதுதான் இந்த வேலையில் பணம் வீணாகும் முதல் இடம்.

3. தேட ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி என்ன செய்யணும்?

கேபினைக் காய வைக்க வேண்டும். ஈரமான வண்டியில் ஒழுகலைத் தேட முடியாது; பழைய ஈரம் எது, புது ஈரம் எது என்று தெரியாது. மேட், அதன் அடியிலுள்ள சணல் விரிப்பு, முடிந்தால் சீட், கதவின் கீழ்ப்பகுதியில் ஸ்குரூ போட்டிருக்கும் ஓரப்பட்டை ஆகியவற்றைக் கழற்றி வெயிலில் போட்டுவிட்டு, தளத்தைத் துணியால் ஒற்றி எடுத்து, கதவுகளைத் திறந்து வைத்துக் காய விட வேண்டும். பேட்டரியின் நெகட்டிவ் ஒயரையும் கழற்றி வைப்பது நல்லது.

காய்ந்த தகடு பல செய்திகளைச் சொல்லும். துரு மெல்லிய கோடாக மேலிருந்து கீழே இறங்கியிருக்கும். செம்மண் படிந்து காய்ந்த வரி ஒன்று டேஷ்போர்டுக்கு அடியில் தெரியும். ஒயர் கட்டின் துணி டேப் ஓரிடத்தில் மட்டும் வெளுத்திருக்கும். டார்ச் வைத்து இந்தக் கோடுகளைக் கீழிருந்து மேலாகத் தொடர்ந்தால், பல வண்டிகளில் குழாயைத் திறப்பதற்கு முன்பே பாதி விடை கிடைத்துவிடும்.

4. ஹோஸ் பைப்ல தண்ணி அடிச்சுப் பாத்தேன். எல்லாப் பக்கமும் நனைஞ்சுது, ஒண்ணும் புரியலையே?

மேலிருந்து தொடங்கியதால்தான் புரியவில்லை. கூரையில் ஊற்றிய தண்ணீர் கண்ணாடி, கதவு, வைப்பருக்குக் கீழே சல்லடைபோல இருக்கும் வைப்பர் கிரில் என்று எல்லாவற்றையும் நனைத்துக்கொண்டே இறங்கும். எந்த வழியாக உள்ளே போனது என்பதைப் பிரித்துப் பார்க்க முடியாது. கீழிருந்து மேலே போக வேண்டும். முதலில் சக்கர வளைவின் உட்பக்கம், பிறகு கதவின் கீழ்ப்பாதி, பிறகு வைப்பர் கிரில், பிறகு முன்கண்ணாடியின் கீழ் ஓரம், பக்க ஓரம், மேல் ஓரம், கடைசியாகக் கூரை என்ற வரிசையில் ஒவ்வோர் இடத்திலும் குறைந்தது 5 நிமிடம் தண்ணீர் ஓட வேண்டும். ஒரு கட்டத்தில் உள்ளே ஈரம் தெரிந்தால் அதோடு நிறுத்திவிட்டு, அந்த இடத்தைச் சரிசெய்து காய வைத்த பிறகே அடுத்த கட்டத்துக்குப் போக வேண்டும்.

ஹோஸின் வாயில் விரலை வைத்துப் பீய்ச்சக் கூடாது. மழை விழுவதைப் போலத் தண்ணீர் தளர்வாக வழிய வேண்டும். உள்ளே ஒருவர் டார்ச்சோடு படுத்துக்கொண்டு டேஷ்போர்டின் அடிப்பகுதியைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். சந்தேகமான தகட்டில் முகப்பவுடரைத் தூவி வைத்தால், முதல் சொட்டு ஓடிய தடம் கோடு கிழித்தாற்போலத் தெரியும். கோலமாவும் பயன்படும், கல்மாவாக இருந்தால். அரிசிமாவு குழைந்து ஒட்டிக்கொள்வதோடு மறுநாள் எறும்பையும் கூட்டி வரும்.

5. உள்ள படுத்துப் பாக்க ஆள் இல்லை. தனியா கண்டுபிடிக்க வழி இருக்கா?

இருக்கிறது. நாளிதழ்த் தாளைக் கிழித்துத் தளத்திலும், டேஷ்போர்டின் அடியிலும், கதவு நிலையின் ஓரத்திலும் தனித்தனித் துண்டுகளாகப் பரப்பிவிட்டு, முன் கேள்வியில் சொன்ன வரிசையிலேயே தண்ணீர் விட்டு, ஒவ்வொரு கட்டத்துக்குப் பிறகும் எந்தத் துண்டு நனைந்தது என்று பார்க்கலாம்.

தண்ணீர் இல்லாமலும் ஒரு சோதனை உண்டு. ப்ளோயரை வெளிக்காற்று நிலையில் வைத்து முழு வேகத்தில் ஓட விட்டு, கண்ணாடிகளை ஏற்றிக் கதவுகளைச் சாத்தினால் உள்ளே காற்றழுத்தம் சற்றே கூடும். இந்த ஒரு சோதனைக்கு மட்டும் பேட்டரி ஒயரைத் திரும்ப மாட்ட வேண்டியிருக்கும். வெளியே ஷாம்பு கலந்த தண்ணீரைக் கண்ணாடி ரப்பரின் ஓரத்திலும் கூரை இணைப்பிலும் தடவினால், சந்து உள்ள இடத்தில் நுரை கொப்பளிக்கும். காற்று வெளியேறுவதற்கென்றே வைத்த துளைகள் இருந்தால் அவற்றை டேப்பால் மூடிவிட்டுச் செய்ய வேண்டும். இரவில் உள்ளே பெரிய டார்ச்சை எரிய விட்டு வெளியே சுற்றிவந்து வெளிச்சம் கசியும் இடத்தைப் பார்ப்பது இன்னும் எளிது. ஆனால் அது பெரிய ஓட்டைகளை மட்டுமே காட்டும்.

6. வாட்டர் வாஷ் பண்ணும்போது மட்டும் உள்ள தண்ணி வருது, மழையில வரலை. இதையும் சரி பண்ணணுமா?

வேண்டாம். சர்வீஸ் ஸ்டேஷனின் அழுத்தத் தண்ணீர் நல்ல ரப்பரைக்கூட விலக்கிக்கொண்டு உள்ளே போகும். கண்ணாடி ஓரத்துக்கு நேராகக் குழாயை நீட்ட வேண்டாம் என்று சொல்லிவிட்டால் போதும்.

7. முன்கண்ணாடி ரப்பர்தான் காரணம்னு எல்லாரும் சொல்றாங்க. அது சரியா?

பழைய வண்டியில் அது முக்கியமான சந்தேகம்தான், ஆனால் ஒரே சந்தேகம் அன்று. ரப்பர் பீடிங்கில் உட்கார்ந்திருக்கும் கண்ணாடியில் தண்ணீர் போக இரண்டு வழிகள் உண்டு: கண்ணாடிக்கும் ரப்பருக்கும் நடுவே ஒன்று, ரப்பருக்கும் தகட்டுக்கும் நடுவே மற்றொன்று. பல சித்திரை வெயில்களைக் கண்ட ரப்பர் இறுகிச் சுருங்கிவிடுவதால், மூலைகளில் அது தகட்டை விட்டு எழுந்து நிற்கும்; இரண்டு முனைகளும் சேரும் இடத்தில் நகம் நுழையும் அளவுக்கு வாய் பிளந்திருக்கும். கீழ் மூலைகளில் பெயிண்ட் கொப்பளித்திருந்தால் தண்ணீர் அங்கே வெகுநாளாகக் குடியிருக்கிறது என்று பொருள்.

ரப்பர் இன்னும் மென்மையாக இருந்தால், அதன் உதட்டைப் பிளாஸ்டிக் பட்டையால் மெல்லத் தூக்கி, காய்ந்து இறுகாத வகைக் கண்ணாடிப் பசையைச் சுற்றிலும் உள்ளே செலுத்தினால் போதும். ரப்பர் வெடித்திருந்தால் பசை வீண். புது ரப்பர்தான் போட வேண்டும். கண்ணாடியை இறக்கும்போது தகட்டின் விளிம்பைக் கட்டாயம் பார்க்க வேண்டும். துருவைச் சுரண்டி, பிரைமர் அடித்து, காய்ந்த பிறகே ரப்பரின் காடியில் கயிறு வைத்து இழுத்துக் கண்ணாடியை ஏற்ற வேண்டும். துருவின் மேலேயே புது ரப்பரை மாட்டிக் கொடுக்கும் வேலை, பார்க்க அழகாக இருந்தாலும் அடுத்த மழைக்கே திரும்பி வரும்.

ரப்பர் இல்லாமல் பசையில் ஒட்டிய கண்ணாடியானால் அது நாம் தொடும் வேலை இல்லை. அறுத்தெடுத்து மறுபடி ஒட்டத் தெரிந்தவரிடம் கொடுத்து, பசை டியூபில் போட்டிருக்கும் நேரம் முடியும்வரை வண்டியை ஓட்டாமல் வைத்திருக்க வேண்டும்.

8. கண்ணாடி ரப்பர் புதுசு போட்டாச்சு. ஆனா டேஷ்போர்டுக்கு அடியிலருந்து தண்ணி குபுகுபுன்னு வருதே?

சொட்டாக வராமல் மொத்தமாக வந்தால் முதலில் வைப்பர் கிரில்லைச் சந்தேகிக்க வேண்டும். வைப்பருக்குக் கீழே சல்லடைபோல இருக்கும் பகுதியின் அடியில் ஒரு தொட்டி இருக்கிறது. கண்ணாடியில் வழியும் மழைநீர் முழுவதும் அதில் இறங்கி, இரண்டு ஓரங்களிலும் உள்ள வடிகால் வழியாகச் சக்கரத்தின் பின்பக்கமாக வெளியேற வேண்டும். கேபினுக்குக் காற்று எடுக்கும் வாயும் அதே தொட்டியில்தான் திறந்திருக்கிறது. வடிகால் அடைத்தால் தண்ணீர் மட்டம் ஏறி, காற்று வாய் வழியாகக் கேபினுக்குள் கொட்டும்.

நம் பக்கத்தில் வண்டிகள் வேப்ப மரத்தடியிலோ புளிய மரத்தடியிலோ நிற்பவை. புளிய இலை அந்தச் சல்லடைக்கு அளவெடுத்துச் செய்ததுபோல நுழையும். வேப்பம்பூவும் செம்மண் தூசியும் அதோடு சேர்ந்து வடிகாலில் களிமண்ணாக இறுகிவிடும். கிரில்லைக் கழற்றிக் குப்பையைக் கையால் அள்ளிவிட்டு, மெல்லிய ரப்பர் குழாயை வடிகாலில் விட்டு ஆட்டி, ஒரு சொம்புத் தண்ணீரை ஊற்றிப் பார்க்க வேண்டும். ஊற்றிய வேகத்திலேயே சக்கரத்தின் பின்னால் தண்ணீர் விழுந்தால் சரி. கூர்மையான கம்பியால் குத்தினால் வடிகாலின் இணைப்பே பிய்ந்து, புது ஒழுகல் ஒன்று உண்டாகும். புரட்டாசி முடிவதற்குள் ஆண்டுக்கு ஒருமுறை இதைச் செய்பவருக்கு இந்தப் பக்கத்தில் பாதிக் கேள்விகள் எழுவதே இல்லை.

9. கதவைத் திறந்து மூடினா உள்ள தண்ணி சலசலன்னு கேக்குது. கதவுக்குள்ள எப்படித் தண்ணி போச்சு?

கதவுக்குள் தண்ணீர் போவது இயல்பு. எந்த வண்டியிலும் அதைத் தடுக்க முடியாது. ஏறி இறங்கும் கண்ணாடியின் ஓரமாக இறங்கும் நீர், கதவின் அடி விளிம்பில் உள்ள நீளத் துளைகள் வழியாக வெளியேற வேண்டும். சலசலப்புக் கேட்டால் அந்தத் துளைகள் மண்ணால் அடைந்திருக்கின்றன. இங்கே கம்பியால் குத்தலாம், தவறில்லை. ஆனால் திறந்தவுடன் கொட்டும் சேற்றுத் தண்ணீருக்குக் காலைத் தள்ளி வைத்துக்கொள்ள வேண்டும்.

அடைப்பு இல்லாமலே கதவோரக் காலடி நனைந்தால், டோர் பேடைக் கழற்றி அதன் பின்னால் பிளாஸ்டிக் தாள் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். கதவுக்குள் வழியும் நீர் கேபின் பக்கம் தெறிக்காமல் அந்தத் தாள்தான் தடுக்கிறது. ஸ்பீக்கர் மாட்டியவரோ, கண்ணாடி ஏற்றும் பொறியைச் சரிசெய்தவரோ அதைக் கிழித்துப் போட்டுவிட்டு, பேடை மட்டும் மாட்டியிருப்பார். கனமான பாலித்தீன் தாளை அளவாக வெட்டி, பியூட்டைல் டேப்பால் (இறுகாமல் ஒட்டும் ரப்பர்ப் பசை நாடா) சுற்றிலும் ஒட்டி, கீழ் விளிம்பு கதவின் உட்புறமாகச் செருகி நிற்கும்படி செய்தால் சரியாகிவிடும். கீழ் விளிம்பைக் கேபின் பக்கமாக விட்டால் தாள் இருந்தும் பயனில்லை.

10. கதவு ரப்பர் நல்லா இருக்கா இல்லையான்னு பாத்தாலே தெரியுமா?

பார்த்தால் தெரியாது. ஒரு பத்து ரூபாய்த் தாளைக் கதவுக்கும் நிலைக்கும் நடுவில் வைத்துக் கதவைச் சாத்தி, மெல்ல இழுத்துப் பார்க்க வேண்டும். பிடிப்போடு வந்தால் ரப்பர் அழுந்துகிறது. தடையே இல்லாமல் வழுக்கி வந்தால் அந்த இடத்தில் அழுத்தம் இல்லை. கதவைச் சுற்றி ஒவ்வொரு சாண் இடைவெளியிலும் இப்படிச் செய்து, பிடிக்காத இடங்களில் சாக்பீஸால் குறித்துக்கொள்ளலாம்.

மேல் ஓரத்தில் மட்டும் பிடிப்பு இல்லை, கீழே இறுக்கமாக இருக்கிறது என்றால் ரப்பரைக் குறை சொல்லக் கூடாது. கதவைப் பாதி திறந்து கையால் மேலே தூக்கிப் பார்த்தால் கீல் தேய்ந்து கதவு தொங்குவது தெரியும். கீலையும் பூட்டுக் கொக்கியையும் சரிசெய்யாமல் தடித்த ரப்பரை ஒட்டினால், கதவு சாத்தாமல் போவதோடு, அடித்துச் சாத்திச் சாத்திக் கீல் இன்னும் கெடும்.

11. கூரையில ஓட்டையே இல்லை, ஆனா உள்கூரைத் துணி நனையுதே?

ஓட்டை போடாத கூரை நம் ஊர் வண்டிகளில் அபூர்வம். கேரியர், மேல் விளக்குகள், ஏரியல், முன்னால் சாமி பெயரோ கடைப் பெயரோ எழுதிய பலகை என்று ஒவ்வொன்றும் ஸ்குரூ வைத்துத்தான் நிற்கிறது. பலகையை எடுத்த பிறகும் துளை இருக்கும்; அதன் மேல் பெயிண்ட் அடித்திருப்பார்கள், அவ்வளவுதான். ஒவ்வொரு போல்ட்டையும் கழற்றி, துளை ஓரத்தின் துருவைத் தேய்த்துப் பெயிண்ட் தொட்டு, பியூட்டைல் டேப்பும் ரப்பர் வாஷரும் வைத்து மறுபடி முடுக்க வேண்டும்.

மற்றோர் இடம், கூரைத் தகடும் பக்கத் தகடும் சேரும் ஓரத்தில் ஓடும் தண்ணீர்க் காடி. அதில் கம்பெனியில் தடவிய பூச்சு நாளடைவில் முடி போன்ற வெடிப்பு விடும். கண்ணுக்குத் தெரியாத அந்த வெடிப்பு ஓர் இரவு மழையில் உள்கூரைத் துணியை ஊற வைக்கும். பழைய பூச்சைச் சுரண்டி எடுத்துவிட்டு இணைப்புப் பசையைப் புதிதாகத் தடவ வேண்டும். மேலே மேலே பூசுவது நிற்காது.

12. சீட்டுக்குப் பின்னாடி மட்டும் ஈரமா இருக்கு. என்ன காரணம்?

பின்கண்ணாடியின் ரப்பரை 7ஆம் கேள்வியில் சொன்னபடி பார்க்க வேண்டும். அதற்கு முன்னால் தார்ப்பாய் கட்டும் முறையைப் பாருங்கள். தார்ப்பாயின் மடிப்பு கேபினை நோக்கிச் சரிந்திருந்தால், பின்னால் உள்ள சரக்குத் தொட்டியின் மேல் பெய்த மழை முழுவதும் பின்கண்ணாடியின் மேல் அருவியாக விழும். எந்த ரப்பரும் அதற்காகச் செய்யப்பட்டதன்று. முன்பக்கத்தை உயர்த்திக் கட்டினால் ஒழுகல் செலவில்லாமல் நின்றுவிடுவதும் உண்டு. கல், மரம் போன்ற கனத்த சரக்கு பிரேக் போடும்போது முன்னால் சரிந்து கேபினின் பின்தகட்டை இடித்திருந்தால், அங்கே இணைப்பு வெடித்திருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும்.

13. நிக்கும்போது எவ்வளவு மழை பெஞ்சாலும் ஒழுகலை. ஓட்டும்போது மட்டும் காலடி நனையுது. எப்படி?

அந்தத் தண்ணீர் மேலிருந்து வரவில்லை. சக்கரம் அள்ளி வீசுகிறது. தளத்தில் துருப்பிடித்த துளை, விழுந்துபோன ரப்பர் மூடி, எஞ்சின் பக்கத் தகட்டில் ஒயர் நுழையும் இடத்தில் வெடித்த ரப்பர், ஸ்டியரிங் தண்டையும் பெடல்களையும் சுற்றியுள்ள உறை ஆகியவற்றை வரிசையாகப் பார்க்க வேண்டும். ஹாரனுக்கோ கூடுதல் விளக்குக்கோ ஒயர் இழுத்தவர் புதிதாகத் துளை போட்டு, ரப்பர் வைக்காமல் விட்டிருப்பதும் அடிக்கடி கண்ணில் படுகிறது. அப்படி விட்ட துளையில் ஒயரின் தோல் தகட்டில் உரசி ஷார்ட் ஆகவும் கூடும் என்பதால் அதை உடனே சரிசெய்வது நல்லது. சோதனைக்கு, வண்டியை நிறுத்தி வைத்துச் சக்கர வளைவுக்குள் ஹோஸைக் காட்டினால் போதும்.

14. எங்க வீட்டு வாசல்ல நிறுத்தினா ஒழுகுது, செட் முன்னாடி திறந்தவெளியில நிறுத்தினா ஒழுகலை. இது என்ன விசித்திரம்?

வாசல் சரிவாக இருக்கிறது. மூக்கு தாழ்ந்து நிற்கும் வண்டியில் வைப்பர் தொட்டியின் நீர் வடிகால் பக்கம் போகாமல் முன்னால் தேங்கலாம். ஒரு பக்கம் சாய்ந்து நின்றால் கூரைக் காடியின் நீர் எதிர்ப்பக்கம் வழியலாம். சோதிக்கும்போது வண்டி எந்தச் சாய்வில் ஒழுகுகிறதோ அந்தச் சாய்விலேயே நிறுத்த வேண்டும்.

15. சிலிக்கான் வாங்கிச் சுத்தி அடிச்சுட்டா முடிஞ்சுது இல்லையா? இல்லாட்டி எம்-சீல்?

இரண்டும் வேண்டாம். கடையில் மலிவாகக் கிடைக்கும் சிலிக்கானில் காயும்போது வினிகர் வாடை வரும் வகை, வெறும் தகட்டில் துருவைத் தூண்டும். அதன் மேல் பெயிண்டும் ஒட்டாது, பின்னால் நல்ல பசை தடவினாலும் ஒட்டாது. முழுவதையும் சுரண்டி எடுப்பதற்குள் டிங்கருக்குப் பொறுமை போய்விடும். எம்-சீல் போன்றவை கல்லாக இறுகுபவை. கேபின் ஓடும்போது முறுக்கிக்கொள்ளும் உடல் என்பதால் இறுகிய பசை ஓரத்தில் விட்டுப் போகும்.

தகட்டு இணைப்புக்குக் காய்ந்த பிறகும் வளைந்து கொடுக்கும் பாலியூரித்தேன் பசை, கழற்றி மாட்டும் பொருளுக்குப் பியூட்டைல் டேப், ரப்பர் பீடிங்குக்கு இறுகாத கண்ணாடிப் பசை என்று வைத்துக்கொள்ளலாம். எதுவானாலும் ஓட்டை எங்கே என்று தெரிந்த பிறகு, காய்ந்த, சுத்தமான தகட்டில்தான் தடவ வேண்டும். தெரியாமல் எல்லா இடத்திலும் பூசினால் வடிகாலும் சேர்ந்து அடைபடும். உள்ளே போன தண்ணீருக்கு வெளியே வர வழி இருக்காது.

16. தளத்துல ஒரு ஓட்டை போட்டு விட்டா தண்ணி தானா வடிஞ்சிடுமே?

வடியும், சாலைத் தண்ணீர் அதே ஓட்டை வழியாக மேலேயும் வரும், 13ஆம் கேள்வியில் சொன்னபடி. துளையிட்ட விளிம்பில் பெயிண்ட் இல்லாததால் துருவும் அங்கிருந்தே தொடங்கும். பல வண்டிகளின் தளத்தில் ஏற்கெனவே ரப்பர் மூடி போட்ட துளைகள் உண்டு. அவசரத்துக்கு அதைக் கழற்றி வடித்துவிட்டு மறுபடி மூடிவிடலாம்.

17. தளம் துருப்பிடிச்சுப் போச்சு. மேல ஒரு தகடு வச்சு வெல்டிங் அடிச்சுட்டா போதுமா?

போதாது. துருப்பிடித்த தகட்டின் மேல் புதுத் தகட்டை வைத்தால் இரண்டுக்கும் நடுவில் ஈரம் சிக்கிக்கொள்கிறது. காற்றுப் படாத அந்த இடுக்கில்தான் துரு மிக வேகமாக வளரும். துரு என்பது மின்வேதி வினை. காரைக்குடியில் 1948இல் அடிக்கல் நாட்டப்பட்ட சிக்ரி எனும் மத்திய மின்வேதியியல் ஆய்வு நிறுவனத்தில் உலோக அரிமானம் ஒரு முக்கியமான ஆய்வுத் துறையாகவே இருந்துவருகிறது. அந்த மதில் சுவரை ஒட்டிய சாலையிலேயே இற்றுப்போன தளத்தோடு வண்டிகள் ஓடுவதைப் பார்க்கும்போது சிரிப்பதா, வருந்துவதா என்று தெரிவதில்லை.

கெட்ட தகட்டை நல்ல தகடு வரும்வரை வெட்டி எடுத்துவிட்டு, அளவாகப் புதுத் துண்டு வைத்துப் பற்றவைத்து, இரு பக்கமும் துருவைத் தடுக்கும் ரெட் ஆக்ஸைடு பூச்சு அடித்து, இணைப்பில் பசை தடவிப் பெயிண்ட் பூச வேண்டும். வெல்டிங்குக்கு முன் பேட்டரியைத் துண்டித்து, அடியில் டீசல் குழாயும் ஒயரும் போகிறதா என்று பார்க்க வேண்டும். தொண்டிப் பக்கம் மீன் ஏற்றப் போகும் வண்டியானால் பின்தொட்டியிலிருந்து வழியும் உப்பு நீரை அன்றன்றே நல்ல தண்ணீரால் கழுவாவிட்டால் எந்த வேலையும் நிலைக்காது.

18. எஃப்.சி.க்கு வண்டியைக் கொடுத்துப் பெயிண்ட் அடிச்சு வந்த பிறகுதான் ஒழுகலே ஆரம்பிச்சுது. அதுக்கும் இதுக்கும் சம்பந்தம் உண்டா?

உண்டு. எட்டு ஆண்டைக் கடந்த சரக்கு வண்டிக்கு ஆண்டுதோறும் தகுதிச் சான்று வாங்க வேண்டியிருப்பதால், ஆண்டுதோறும் அவசரப் பெயிண்டும் நடக்கிறது. பெயிண்டர் பூசும் புட்டியும் அடிப்பூச்சும் கதவின் அடித் துளைகளையும் வைப்பர் தொட்டியின் வடிகாலையும் மூடிவிடும். கழற்றிய ரப்பரை நீட்டி இழுத்து மாட்டியிருப்பார்கள். தளத்தின் ரப்பர் மூடி ஒன்று பட்டறையிலேயே கிடக்கும். வண்டியை எடுக்கும்போது, சொன்ன துளைகளை விரலால் தடவிப் பார்த்து வாங்குவது நல்லது. மாறாக, ஒழுகலைச் சரிசெய்வதற்கு அதைவிட நல்ல நேரமும் இல்லை. சீட்டும் மேட்டும் எப்படியும் வெளியே கிடக்கும்.

19. ஈரம் காஞ்ச பிறகும் நாத்தம் போகலை. ஹாரன் வேற தானா அடிக்குது. என்ன பண்றது?

நாற்றம் சணல் விரிப்பில் இருக்கிறது. மேட் தொடக் காய்ந்திருந்தாலும் அதன் அடியில் விரிப்பு பல நாள் ஈரமாக இருக்கும். இரண்டு மூன்று நல்ல வெயிலில் புரட்டிப் போட்டும் வாடை போகவில்லையென்றால் புது விரிப்பு வாங்கிவிடலாம். வாசனைத் திரவியம் தொங்க விடுவதில் பொருளில்லை.

ஹாரன் தானாக அடிப்பது, ஒரு விளக்கு போட்டால் இன்னொன்று எரிவது போன்றவை ஃபியூஸ் பெட்டியிலோ ஒயர் இணைப்பிலோ தண்ணீர் இறங்கியதன் அடையாளம். பேட்டரியைத் துண்டித்து, பச்சை படிந்த முனைகளை எலக்ட்ரீசியன் சுத்தம் செய்யட்டும். பெட்டிக்கு மேலே எந்த ஒயரும் தண்ணீரைக் கொண்டுவந்து இறக்காதபடி, நுழைவதற்கு முன் ஒரு தொங்கல் விட்டுக் கட்டச் சொல்ல வேண்டும். தண்ணீர் அந்தத் தொங்கலின் அடியில் சொட்டி விழுந்துவிடும்.

20. இதுக்கெல்லாம் இன்சூரன்ஸ் கிடைக்குமா?

பொதுவாகக் கிடைக்காது. தேய்மானத்தால் வரும் கேடுகளைப் பாலிசி விலக்கியே வைத்திருக்கிறது. நாள்பட்ட ஒழுகலும் துருவும் அதில்தான் சேரும்.

21. எல்லாத்தையும் பாத்தாச்சு, சாதாரண மழையில வரலை. ஆனா விடிய விடிய காத்தோட அடிச்சா ரெண்டு சொட்டு வருது. இதை எப்படிப் பிடிக்கிறது?

காற்றோடு வரும் மழை நேராக விழுவதில்லை. பருவமழை நாளில் வடகிழக்கைப் பார்த்து நிற்கும் பக்கம்தான் அடி வாங்கும். ஆகவே முதலில் வண்டி எந்தத் திசையைப் பார்த்து நின்றது என்று குறித்துக்கொண்டு, அடுத்த மழைக்கு நேர் எதிராகத் திருப்பி நிறுத்த வேண்டும். ஒழுகல் நின்றால் ஓட்டை முன்பு காற்றைப் பார்த்த பக்கத்தில் இருக்கிறது. தேடும் பரப்பு பாதியாகக் குறைந்துவிட்டது.

பிறகு அந்தப் பக்கத்தில் மட்டும், தரைக்கு இணையாகச் சாய்த்துப் பிடித்த ஹோஸிலிருந்து தளர்ந்த தண்ணீரை, ஒவ்வோர் இடத்திலும் 5 நிமிடம் என்பதற்குப் பதிலாக அரை மணி நேரம் விட வேண்டும். கூரைக் காடியின் முடிபோன்ற வெடிப்பும், ரப்பர் முனைகள் சேரும் இடமும் ஊறிய பிறகே கசியும் என்பதால் 4ஆம் கேள்வியின் குறுகிய சோதனையில் அவை தப்பியிருக்கும். கதவுக் கண்ணாடியின் மேல் ஓரத்தையும் இப்போது சேர்த்துப் பார்க்கலாம்: கண்ணாடியை முழுவதும் ஏற்றியும் முன் மூலையில் தாள் நுழையும் சந்து இருந்தால், கண்ணாடி ஓடும் ரப்பர்க் காடியை மாற்றினால் அந்த இரண்டு சொட்டும் நிற்க வாய்ப்பு அதிகம்.